படகுக்கு ஒரு காவல்: கமராவும் எச்சரிக்கை மணியும் எதைச் செய்யும், எதைச் செய்யாது

வடக்கின் கரையோரக் கிராமங்களில் 'படகுக் களவு' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இஞ்சின் களவுதான். பதினெட்டு அடி பைபர் படகொன்றை இழுத்துச் சென்று விற்பது இலகுவல்ல. அதில் பதிவு இலக்கம் எழுதப்பட்டிருக்கும். நிறத்தைப் பார்த்தே அது யாருடைய படகு என்று ஊர் சொல்லிவிடும். ஆனால் படகின் பின்பலகையைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளைத் தளர்த்தினால் இஞ்சின் கையோடு வந்துவிடும். 15 குதிரைவலு இஞ்சின் ஒன்று சுமார் 40 கிலோ. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு சில நிமிடங்களில் வீதிக்கு ஏறிவிடலாம்.

அந்தச் சில நிமிடங்களில் ஒரு குடும்பம் இழப்பது எவ்வளவு என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2009 இல் படகு, இஞ்சின், வலை எல்லாவற்றையும் கரையில் விட்டுவிட்டு வந்தவர்கள், முகாம்களிலிருந்து திரும்பிய பின்னர் ஒவ்வொன்றாகத்தான் அவற்றை மீண்டும் தேடிக்கொண்டார்கள். ஒருவருக்கு உதவித் திட்டத்தில் படகு கிடைத்தது, இஞ்சினுக்குக் கடன். இன்னொருவருக்கு வெளிநாட்டிலிருக்கும் சகோதரர் அனுப்பிய காசு. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது பலருடைய சேமிப்பு அதிலேயே கரைந்தது. இன்று இஞ்சின் ஒன்று களவு போனால் புதிதாக வாங்க இலட்சக்கணக்கில் வேண்டும். பழைய கடனின் தவணை நிற்காது. தொழிலாளர்கள் வேறொருவரின் படகுக்குப் போய்விடுவார்கள்.

நான் வடமராட்சியில் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கமரா பொருத்தும் வேலை செய்பவன். கடந்த சில வருடங்களாகக் கரையிலிருந்தும் அழைப்புகள் வருகின்றன. இவர்களில் பெண்கள் கணிசமானோர். கணவர் போரில் இறந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள். படகு அவர்களுடைய பெயரில் இருக்கும். தொழிலுக்குப் போவது வேறு ஆட்கள். பிடிபாட்டில் படகுக்கும் இஞ்சினுக்கும் உரிய பங்கு வீட்டுக்கு வரும். முன்னர் படகுக்குக் காவல் என்றால் ஆண்கள் வாடியில் படுப்பதுதான். பிள்ளைகளோடு தனியாக இருக்கும் ஒரு தாயால் அப்படிப் போய்ப் படுக்க முடியாது.

அப்படியான ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, ஒரு கமராவைப் பூட்டிவிட்டா நான் வீட்டில நிம்மதியாப் படுக்கலாமோ?"

நான் சொன்ன பதில் இதுதான்: "அக்கா, கமரா கள்ளனைப் பிடிக்காது. அது உங்களை எழுப்பும், அவ்வளவுதான். நீங்கள் எழும்பின பிறகு ஆர் கரைக்கு ஓடுறது எண்டதை முதலில யோசிப்பம்."

இந்தக் கட்டுரை அந்தப் பதிலின் விரிவுதான்.

முதலில் நிமிடங்களைக் கணக்கிடுங்கள்

எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன்னர் இரண்டு கணக்குகள் போட வேண்டும். உங்களுடைய இஞ்சினைக் கழற்றிக்கொண்டு வீதிக்குப் போக ஒருவருக்கு எத்தனை நிமிடம் எடுக்கும்? மணி அடித்தால் உங்கள் பக்கத்து ஆள் ஒருவர் படகடிக்கு வந்து சேர எத்தனை நிமிடம் எடுக்கும்? முதலாவது ஐந்து நிமிடம், இரண்டாவது பதினைந்து நிமிடம் என்றால் எவ்வளவு விலையான கமராவும் களவைப் படம் பிடித்துத் தரும், தடுக்காது.

ஆகவே வேலை இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். பூட்டும் சங்கிலியும் கள்ளருடைய நேரத்தைக் கூட்டும். மணியும் தொலைபேசி அழைப்பும் எங்களுடைய நேரத்தைக் குறைக்கும். இந்த இரண்டும் சரியான பிறகுதான் கமராவைப் பற்றிப் பேச வேண்டும்.

பூட்டும் இலக்கமும்

இஞ்சினின் இரண்டு பிடித்திருகுகளின் கைப்பிடிகளையும் சேர்த்து மூடிப் பூட்டும் குழாய் வடிவப் பூட்டுகள் உண்டு. துருப்பிடிக்காத உருக்கில் செய்ததை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒட்டு வேலை செய்யும் ஒருவரிடம் செய்விக்கலாம். அதோடு படகின் பின்பலகையை ஊடுருவிப் போடும் மரையாணிகளையும் இறுக்கினால் திருகுகளைத் தளர்த்துவது மட்டும் போதாது என்றாகிவிடும்.

இஞ்சினின் தாங்கியில் ஒரு சிறிய தகடு இருக்கும். அதிலுள்ள தொடரிலக்கத்தைத் தெளிவாகப் படம் எடுங்கள். படகின் பதிவு இலக்கம், வாங்கிய பற்றுச்சீட்டு, படகு முழுவதும் தெரியும் படம் ஒன்று ஆகியவற்றையும் எடுத்து இரண்டு பேருடைய தொலைபேசிகளில் வையுங்கள். தகட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள் என்பதால் வெளியில் தெரியாத ஓரிடத்தில் உங்களுடைய அடையாளம் ஒன்றைப் பொறித்து வைப்பதும் நல்லது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை. களவு போன இஞ்சின் எங்காவது கண்டெடுக்கப்பட்டால் அது உங்களுடையது என்று நிறுவுவதற்கு இவையே சாட்சி.

மணி எதைக் கண்டு அடிக்க வேண்டும்?

வீடுகளில் பொருத்தும் எச்சரிக்கைக் கருவிகள் பெரும்பாலும் உடல் வெப்பத்தின் அசைவைக் கண்டுபிடிப்பவை. அவை நிலையான சுவரில் இருப்பதற்காகச் செய்யப்பட்டவை. நங்கூரத்தில் கிடந்து ஆடும் படகில் வைத்தால் படகே அசைவதால் கருவிக்கு முன்னால் எல்லாம் அசைவதாகத் தெரியும். கரையில் ஏற்றிவிட்ட படகிலோ நாய், காகம், சூடேறிய மணல் எல்லாவற்றுக்கும் அடிக்கும். மூன்று இரவு வீணாக அடித்தால் நான்காவது இரவு நீங்களே அதை நிறுத்திவிட்டுப் படுப்பீர்கள். கள்ளருக்கு வேண்டியதும் அதுதான்.

சிறிய படகுக்கு நான் சொல்வது மிகப் பழைய முறை ஒன்று: மூடிய சுற்று. எச்சரிக்கைப் பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய வயர் புறப்பட்டு, இஞ்சினின் பிடிக்குள்ளால் போய், எரிபொருள் தாங்கியின் கைப்பிடிக்குள்ளால் வந்து, மீண்டும் பெட்டிக்கே திரும்புகிறது. அந்தச் சுற்றில் எப்போதும் மிகச் சிறிய மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். யாராவது வயரை வெட்டினாலோ கழற்றினாலோ ஓட்டம் நிற்கும். உடனே மணி அடிக்கும். படகு ஆடினாலும் மழை பெய்தாலும் அதற்குப் பிரச்சினையில்லை. பெட்டியின் மூடிக்கு ஒரு காந்த ஆளியைப் போட்டால் பெட்டியைத் திறந்தாலும் அடிக்கும்.

ஜி.பி.எஸ். கருவி வேறு வகை. 'இந்த வட்டத்தை விட்டுப் படகு வெளியே போனால் சொல்' என்று அதற்குக் கட்டளையிடலாம். ஆனால் வட்டத்தை மிகச் சிறிதாக்க முடியாது. இத்தகைய கருவி காட்டும் இடம் சில மீற்றர்கள் முன்பின்னாக இருக்கும். நங்கூரமிட்ட படகு காற்றுக்கேற்பக் கயிற்றின் நீளத்துக்குச் சுற்றும். சோளகம் நின்று வாடை எழும்பும்போது படகு முழுவதுமாக மறுபக்கம் திரும்பிக் கிடக்கும். ஆகவே கயிற்றின் நீளத்தோடு இன்னும் 30, 40 மீற்றர் சேர்த்தே வட்டத்தைப் போட வேண்டும். இஞ்சின் மட்டும் போனால் படகிலுள்ள ஜி.பி.எஸ். அசையாது என்பதையும் மறக்க வேண்டாம். அது படகுக்கு, சுற்று வயர் இஞ்சினுக்கு.

மின்சாரக் கணக்கு

கயிறு இழுத்து இயக்கும் சிறிய இஞ்சின்கள் உள்ள படகுகளில் பற்றரி இருப்பதில்லை. ஆகவே காவலுக்கென்று தனியாக ஒன்று வேண்டும். இங்கேதான் பலர் காசை வீணாக்குகிறார்கள். கணக்கு எளிது.

கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 12 வோல்ற், 7 அம்பியர் மணி ஈயப் பற்றரியை எடுத்துக்கொள்வோம். ஈயப் பற்றரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறங்க விட்டால் சீக்கிரம் பழுதாகிவிடும். ஆகவே எமக்குக் கிடைப்பது 3.5 அம்பியர் மணி. தொலைபேசியில் அழைக்கும் எச்சரிக்கைப் பெட்டி ஒன்று சும்மா இருக்கும்போது சுமார் 0.03 அம்பியர் எடுப்பதாகக் கொண்டால் ஒரு நாளைக்கு 0.72 அம்பியர் மணி. கிட்டத்தட்ட ஐந்து நாட்களுக்குப் போதும்.

இப்போது எந்நேரமும் விழித்திருக்கும் 4 ஜி கமரா ஒன்றைப் பாருங்கள். அது 4 வாற் எடுத்தால் 12 மணிநேர இரவுக்கு 48 வாற் மணி, அதாவது 4 அம்பியர் மணி. அதே பற்றரி ஓர் இரவுக்கே போதாது. விடியற்காலையில், காவல் தேவைப்படும் நேரத்தில் கமரா அணைந்துவிடும். ஆகவே படகுக்குக் கமரா வாங்குவதென்றால் தூங்கிக்கொண்டிருந்து, எச்சரிக்கை வரும்போது மட்டும் விழிக்கும் வகையை வாங்குங்கள்.

20 வாற் சோலார் தகடு ஒன்று நல்ல வெயிலில் நாளுக்கு நாலு மணிநேர முழுச் சக்தி தருவதாகக் கொண்டால் 80 வாற் மணி. இழப்புகள் போக 55, 60 கைக்கு வரும். எச்சரிக்கைப் பெட்டிக்கு அது தாராளம். ஆனால் கார்த்திகை, மார்கழியில் நாட்கணக்கில் மழை இருட்டு நிற்கும். அந்தக் காலத்தில் எரிபொருள் தாங்கியை வீட்டுக்குக் கொண்டு வருவது போலப் பற்றரியையும் கொண்டுவந்து சேர்ச் பண்ணும் பழக்கம் வேண்டும். இலகுவாகக் கழற்றிப் பூட்டக்கூடிய இணைப்பை வைத்தால் இது ஒரு நிமிட வேலை.

சிம்தான் கருவியின் குரல்

கருவி வாங்குவதற்கு முன்னர் இரவு நேரத்தில் படகடியில் நின்று வெவ்வேறு நிறுவனங்களின் சிம்களைப் போட்டு அழைத்துப் பாருங்கள். வீதியில் நன்றாக எடுக்கும் சிம் கரையில் எடுக்காமல் போகலாம். நீங்கள் வாங்கும் பெட்டி 2 ஜி இல் மட்டும் வேலை செய்வதா, 4 ஜி இலும் செய்வதா என்று கேட்டு, அங்கே எடுக்கும் வலையமைப்புக்குப் பொருந்துவதையே வாங்குங்கள்.

சிம் உங்களுடைய பெயரில் பதிந்ததாக இருக்கட்டும். நீண்ட நாள் காசு போடாமல் விட்டால் சிம் நிறுத்தப்பட்டுவிடும். நாட்காட்டியில் குறித்து வைத்துக் காசு போடுங்கள். குறுஞ்செய்தி வரும்படி மட்டும் வைத்துவிட வேண்டாம். அது ஆளை எழுப்பாது. அழைப்பு வர வேண்டும். பெட்டி முதலில் உங்களுக்கும், பின்னர் கரைக்கு மிக அருகில் வீடுள்ளவருக்கும், அதற்குப் பிறகு படகில் தொழில் செய்பவருக்கும் என்று வரிசையாக அழைக்கட்டும். இரவில் தொலைபேசியின் சத்தத்தை நிறுத்தி வைப்பவர்கள் அந்த ஒரு இலக்கத்துக்கு மட்டும் சத்தம் வரும்படி செய்துகொள்ளலாம்.

கமராவின் டேட்டாவுக்கும் கணக்கு உண்டு. சாதாரணத் தரத்தில் ஒரு நிமிடக் காணொளிக்கு 7, 8 எம்.பி. போகும். பத்து மணிநேரம் தொடர்ந்து பார்த்தால் நாலரை ஜி.பி. போய்விடும். எச்சரிக்கை வரும்போது பத்து விநாடித் துண்டு மட்டும் அனுப்பும்படி வைத்தால் ஒன்றரை எம்.பி. கூடப் போகாது.

உப்பும் எரிபொருளும்

கரையில் ஒரு கருவி பழுதாகிறதென்றால் முதலில் உப்பைச் சந்தேகியுங்கள். வயரை முறுக்கி ரேப் சுற்றும் வேலை கடலோரத்தில் நிலைக்காது. ஈயம் பூசிய செப்பு வயர் வாங்கி, இணைப்புகளைப் பற்றவைத்து, சூடாக்கினால் சுருங்கும் உறையால் மூடி, முனைகளில் வசிலின் பூசுங்கள். பெட்டிக்குள் போகும் வயரைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் வயர் வழியே ஓடி வரும் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும், உள்ளே போகாது. பற்றரிக்கு மிக அருகில் ஓர் உருகி கட்டாயம்.

இன்னொன்று பாதுகாப்புப் பற்றியது. மண்ணெண்ணெய் இஞ்சின்களையும் பெற்றோலில் தொடக்கித்தான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். பெற்றோல் ஆவி பள்ளமான இடத்தில் தேங்கி நிற்கும். ஆளிகளும் பற்றரி முனைகளும் பொறி கக்கக்கூடியவை. ஆகவே பற்றரியையும் பெட்டியையும் எரிபொருள் தாங்கி இருக்கும் மூடிய அறைக்குள் ஒருபோதும் வைக்க வேண்டாம். தாங்கியின் கைப்பிடிக்குள்ளால் போகும் சுற்று வயர் உரிக்கப்படாத முழு வயராகவும், தாங்கிக்கு அருகில் இணைப்பு எதுவும் இல்லாததாகவும் இருக்க வேண்டும். பெட்டி அணியப் பக்கம் உயரமாக, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும்.

கமரா படகில் வேண்டுமா, கரையில் வேண்டுமா?

மேல்மூடி இல்லாத பைபர் படகில் கமராவுக்கு நல்ல இடம் கிடையாது. தாழ்வாக வைத்தால் கண்ணாடியில் கடல்நீர் தெறித்து உப்புப் படியும். இரவில் கமராவின் சொந்த ஒளியே அந்த உப்பில் பட்டுத் தெறித்து, படம் வெறும் வெள்ளையாக இருக்கும். பத்துப் படகுகள் ஒரே இடத்தில் ஏற்றி விடப்படும் கரையென்றால் நான் சொல்வது, வாடியின் தூணிலோ ஊன்றிய பனங்குத்தி ஒன்றிலோ ஒரேயொரு கமரா. இலேசான விலைக் கமராக்களின் இரவுப் பார்வை பெரும்பாலும் 10 முதல் 30 மீற்றர் வரைதான். ஆகவே படகுகளைச் சிதற விடாமல் அந்தத் தூரத்துக்குள் நெருக்கமாக விட வேண்டும். செலவைப் பத்துப் பேர் பகிரலாம். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் பொறுப்பெடுக்கலாம். படகுகளில் மூடிய சுற்றும் சைரனும் தனித்தனியாக இருக்கட்டும்.

யாருடைய கண்?

கமரா பொருத்தும் தொழில் செய்யும் நானே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எமது கரைகளில் 'பார்க்கப்படுவது' சாதாரண விடயமல்ல. கடலுக்குப் போக அனுமதி அட்டை, காவலரணில் பதிவு, உயர் பாதுகாப்பு வலயம் என்று வாழ்ந்த மக்கள் நாங்கள். ஒரு தூணில் கமரா ஏறினால் 'இது ஆருக்குப் பார்க்கிறது' என்ற கேள்வி எழுவது நியாயமானது. அந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் தெரியக்கூடிய பதில் இருக்க வேண்டும்.

கமரா படகுகளை மட்டும் பார்க்கட்டும். வீட்டு வாசல், குளிக்கும் கிணறு, பெண்கள் வலை தெரியும் இடம், கோவிலுக்கோ தேவாலயத்துக்கோ போகும் பாதை எதுவும் அதில் விழக்கூடாது. தொழில் நடக்கும் பகல் நேரத்தில் அதை நிறுத்தி வைக்கலாம். யார் பார்க்கலாம் என்பதை, இரண்டு மூன்று பேரைச் சங்கக் கூட்டத்தில் பெயர் குறித்து முடிவெடுங்கள். பதிவுகள் ஒரு வாரத்தில் தானாக அழியும்படி வையுங்கள்.

பொருத்துபவர் தன்னுடைய கணக்கில் கமராவைப் பதிந்து, உங்களுக்குப் பார்க்க மட்டும் வழி தந்துவிட்டுப் போனால் உண்மையில் கமரா அவருடையது. கணக்கு உங்களுடைய மின்னஞ்சலில் திறக்கப்பட வேண்டும். அவர் போன அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். கருவியோடு வந்த கடவுச்சொல்லை அப்படியே விட்டால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் யாரும் உள்ளே வரலாம். எந்தத் தரப்பாவது பதிவுகளைக் கேட்டால் யார், எந்தச் சம்பவத்துக்காக, எந்த நாளின் பதிவு என்பதை எழுத்தில் கேட்டுப் பெற்று, சங்கத்தின் ஊடாகவே கொடுங்கள்.

மணி அடித்த பிறகு

இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால் தனியாக ஓட வேண்டாம். கையில் கத்தியோடு நிற்பவருக்கு முன்னால் இஞ்சின் பெரிதல்ல. அழைப்பு வரிசையில் உள்ளவர்களோடு பேசி நான்கைந்து பேராக, ரோச் வெளிச்சத்தோடு, சத்தமாகப் போங்கள். பெரும்பாலான கள்ளர்கள் சைரன் கேட்டதும் விட்டுவிட்டு ஓடத்தான் பார்ப்பார்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119. முறைப்பாடு செய்யும்போது தொடரிலக்கம், படங்கள் எல்லாவற்றையும் கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. உங்களுடைய வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்பது உங்களுடைய உரிமை; வாசிக்க முடியாத ஒன்றில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

இந்தக் கருவிகள் கரையில் நிற்கும் படகுக்கு மட்டுமே. நடுக்கடலில் இழுவைப் படகு வலையை அறுத்துக்கொண்டு போவதை எந்த மணியும் தடுக்காது. இலங்கையில் 2017 இல் இழுவை மடித் தொழில் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பின்னரும் அந்த இழப்புகள் தொடர்கின்றன. அங்கே செய்யக்கூடியது, வலை போட்ட இடத்தை ஒவ்வொரு முறையும் தொலைபேசியின் ஜி.பி.எஸ்.ஸில் குறித்து வைப்பது. முறைப்பாட்டுக்கு அது உதவும்.

மேலே கேட்ட அந்த அக்காவின் படகுக்கு நாங்கள் இறுதியில் போட்டது குழாய்ப் பூட்டு, மூடிய சுற்று, ஒரு சைரன், நான்கு பேருக்கு அழைக்கும் பெட்டி. கமரா போடவில்லை. மிஞ்சிய காசில் பற்றரி பெரிதாக வாங்கினார். அந்த நான்கு பேரில் இருவர் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவர்கள். மாதத்தின் முதலாவது ஞாயிறு மாலை அவர் படகடிக்குப் போய்ச் சுற்று வயரைத் தன் கையால் கழற்றுவார். சைரன் அடிக்க வேண்டும், நான்கு தொலைபேசிகளும் ஒலிக்க வேண்டும். ஒன்று ஒலிக்காவிட்டால் அன்றைக்கே அது ஏன் என்று பார்க்கப்படும். நீங்கள் எந்தக் கருவியை வாங்கினாலும் இந்த மாதாந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.